கிரஸ்தோதயம்: ஒரு மெர்போக் பயணத்தில் பிசகியது எங்கே

2026 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை. பட்டர்வொர்த்திலிருந்து இருபத்தாறு பேர் பஸ்ஸிலும், நான்கு பேர் சொந்தக் காரில் பின்தொடர்ந்துமாகக் கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போனோம். பகலில் கடாரத்துப் (கெடாவின் பழம்பெயர்) பழங்கோயில்கள், மாலையில் முழுச் சந்திர கிரகணம், தலைக்கு 110 ரிங்கிட். வழிகாட்டி நான். எல்லாரும் பத்திரமாகத்தான் வீடு திரும்பினார்கள். ஆனால் காரில் வந்த நால்வரும் கிரகணத்தைப் பார்க்காமலே கிளம்பிப் போய், மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். "என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்க தம்பி, அடுத்த தடவைக்கு ஆகும்" என்றார் ஏற்பாட்டாளர். அவருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இது அதன் முழு வடிவம். பிசகில் எனக்கும் பங்கு உண்டு. அது எந்த இடத்தில் என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

விளம்பரம்

ஏற்பாட்டாளர் பிறையில் சிறிய அளவில் பயணத் தொழில் செய்கிறவர். (ஊர்ப் பெயரே பிறை. முழுநிலவில் அவர் சறுக்கியதை வைத்து எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இன்னும் கிண்டல் ஓயவில்லை.) 2025 செப்டம்பர் 8 விடியற்காலையில் வந்த கிரகணத்தை அவர் தன் வீட்டு மாடியில் நின்று பார்த்திருந்தார். அன்று 1.30க்கு முழுசாகச் சிவந்த நிலா 2.52 வரை அப்படியே இருந்தது. ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே; பக்கத்து வீட்டுக் கூரையோ மரமோ எதுவும் மறைக்கவில்லை. கிரகணம் என்றால் வெளியே வந்து அண்ணாந்தால் போதும் என்று அவர் மனதில் பதிந்தது அந்த இரவில்தான்.

ஜனவரியில் அடுத்த கிரகணத்தின் நேரத்தை எடுத்தார். புவியின் கருநிழல் நிலவைத் தொடுவது மலேசிய நேரப்படி மாலை 5.50, முழுதாக விழுங்குவது 7.04; விடத் தொடங்குவது 8.03, முற்றிலும் விலகுவது 9.17. நான்கு எண்களும் சரி. விளம்பரப் படத்தில் இப்படிப் போட்டார்: "மாலை 5.50க்குக் கிரகணம் ஆரம்பம். 7.04 முதல் 8.03 வரை செந்நிலா. கிரகணத்துக்காகவே கட்டப்பட்ட ஆயிரமாண்டுக் கோயிலின் முன் நின்று காணுங்கள்."

பிப்ரவரி நடுவில் என்னைக் கூப்பிட்டார். நான் பார்த்ததும் கடைசி வரியைத்தான் பிடித்துக்கொண்டேன். பூஜாங் பள்ளத்தாக்கில் எந்தக் கோயிலும் கிரகணத்துக்காகக் கட்டப்பட்டதாக ஒரு சான்றும் இல்லை, எடுத்துவிடுங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். கோயில்கள் இருக்கும் மெர்போக் அருங்காட்சியக வளாகத்திலிருந்து மாலை ஐந்து மணிக்குள் வெளியேறிவிட வேண்டும், ராத்திரி எப்படிக் கோயில் முன் நிற்பது என்றும் கேட்டேன். "பேசிப் பாக்கலாம்" என்றார். வரலாற்றுப் பிழையை மோப்பம் பிடித்த எனக்கு 5.50 என்ற எண் உறுத்தவே இல்லை. நிலா எத்தனை மணிக்கு உதிக்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

குளிர்பெட்டியில் ஒட்டிய தாள்

பிப்ரவரி 28, சனிக்கிழமை. ரமலான் நடந்துகொண்டிருந்தது. தெருமுனை மாமாக் கடையில் கொடுத்த நோன்பு நேர அட்டவணையை என் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்திருந்தோம்; பஸ் ஓட்டுநர் நோன்பாளி, அவர் நோன்பு திறக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்று அதன் முன் நின்றேன். ஏழரை தாண்டி மக்ரிப். அதாவது அப்போதுதான் சூரியன் மறைகிறது. அப்படியென்றால் பௌர்ணமி நிலா? கையில் இருந்த பேனா அப்படியே நின்றுவிட்டது.

என் பாட்டி தோட்டத்தில் பால் மரம் சீவியவர். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். அவருக்குத் தெரிந்த கணக்கு இது: பௌர்ணமியன்று பொழுது சாய்கிறபோதுதான் எதிர்ப்பக்கம் நிலா கிளம்பும். சந்திர கிரகணத்தில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றால்தான் பூமியின் நிழல் நிலவில் விழும். ஆகவே சூரியன் மேற்கே இறங்கும் அதே சில நிமிடங்களில்தான் நிழலுக்குள் இருக்கிற நிலா கிழக்கே ஏறும். பினாங்கிலும் தென் கெடாவிலும் அன்று சூரியன் மறைவது சுமார் 7.32. நிலா உதிப்பதும் 7.30 சுமாருக்கு. கிரகணத்தின் நடுவேளை 7.33. மூன்றும் ஒரே புள்ளியில் வந்து முட்டுகின்றன. நாங்கள் விளம்பரப்படுத்திய 5.50 ஆரம்பமும் 7.04 செந்நிலாவும் எங்கள் தொடுவானத்துக்குக் கீழே நடந்து முடிகிற சங்கதிகள்.

இதில் நம் கடிகாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பினாங்கு ஏறத்தாழ 100 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நாம் பின்பற்றுவதோ 120 பாகைக்குரிய நேரம். தீபகற்பத்தின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னே தள்ளிச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். கடிகாரம் ஒன்றானாலும் சூரியன் ஒன்றாகவில்லை. அன்று கோத்தா கினபாலுவில் நிலா உதிப்பது 6.30க்குச் சற்று முன்பு. அங்குள்ளவர்களுக்கு நிலா பாதி கடிபட்ட நிலையில் தெரியத் தொடங்கி, 7.04 முதல் 8.03 வரை முழுச் சிவப்பும் ஒரு நிமிடம் குறையாமல் கிடைக்கும். "மலேசியாவில் தெரியும்" என்று படித்தவர்கள் அதை வீட்டு வாசலில் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். நாங்களும் அப்படித்தான்.

இதற்கு முந்தைய பாடம் ஒன்றும் கையருகே இருந்தது. 2022 நவம்பர் 8 கிரகணத்திலும் நடுவேளை மாலை 6.59, அன்றும் பினாங்கில் நிலா விழுங்கப்பட்டபடியேதான் எழுந்தது. அன்று ஊரில் எத்தனையோ பேர் வெளியே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று உள்ளே போனார்கள். நானும் போனேன்.

எங்கே நிற்பது

மார்ச் 1 ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டாளரும் நானும் மெர்போக் போனோம். நிலா உதிக்கும் திசை ஏறக்குறைய நேர் கிழக்கு, கொஞ்சம் வடக்கு சாய்ந்து. அருங்காட்சியகம் இருப்பது குனோங் ஜெராயின் தெற்கு அடிவாரத்தில், சுற்றிலும் மேடும் காடுமாக. ஐந்து மணிச் சிக்கல் இல்லாவிட்டாலும் அங்கே நின்று தாழ்ந்த நிலவைப் பார்க்க வழியில்லை. மரத்துக்கு மேல் அது வருவதற்குள் சிவப்பு கழிந்துவிடும். ஜெராய் 1,217 மீட்டர். அதற்கு மேற்கே யான் பக்கத்து வயல்வெளிக்குப் போனால் மலையே கிழக்கை மறைத்துக்கொள்ளும்.

பினாங்கில் பந்தாய் ஆச்சேயில் ஷேக் தாஹிர் ஃபலாக் (வானியல்) மையம் இருக்கிறது. ரமலான், ஷவ்வால் பிறை பார்ப்பதற்குப் பேர்போன இடம். அங்கே போகலாமா என்றார் ஏற்பாட்டாளர். பிறை பார்ப்பவருக்கு மேற்குக் கடல் வேண்டும். நமக்கு வேண்டியது நேர் எதிர்த்திசை. அதைச் சொன்னதும்தான் அவருக்குத் திசை என்கிற விஷயமே உறைத்தது என்று நினைக்கிறேன். வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் கைவைத்தபடி, "அப்ப போன செப்டம்பர்ல நமக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு" என்றார்.

கடைசியில் தேர்ந்தது தஞ்சோங் டாவாய். மெர்போக் ஆறு கடலில் சேரும் இடத்து மீனவர் ஊர். படகுத்துறைப் பக்கம் நின்று ஆற்றை எதிர்த்துப் பார்த்தால் கிழக்கே சதுப்புக்காட்டின் தாழ்ந்த விளிம்பு. ஜெராய் வடகிழக்கே ஒதுங்கி நிற்கிறது, குறுக்கே வரவில்லை. கழிப்பறை இருக்கிறது, ஓட்டுநர் நோன்பு திறக்கக் கடைகள் இருக்கின்றன. நெத்திலிக் கருவாடும் கிடைக்கும், அதற்காகவே நாலு பேர் வருவார்கள்.

அன்று இரவு ஏற்பாட்டாளர் புலனக் குழுவில் போட்ட செய்தி இதுதான்: "கிரகணம் பார்க்கும் இடம் மாற்றம். தஞ்சோங் டாவாய். மற்றபடி நேரம் அதே."

இந்த மூன்று துண்டு வாக்கியங்களை நான் படித்தேன். கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினேன். 'நேரம் அதே' என்றால் என்ன நேரம்? 5.50தானே. நிலா 7.30க்குத்தான் உதிக்கும் என்பதையோ, உதித்தாலும் அந்தி வெளிச்சத்தில் இருபது நிமிடம் போலக் கண்ணுக்கே படாது என்பதையோ நாங்கள் எழுதவில்லை. முழுக் கிரகணத்தில் நிலா அடுப்புத் தணல் போல மங்கிவிடும். சூரியன் மறைந்த கையோடு வானம் இன்னும் வெளிறியிருக்கும்போது அது பின்னணியில் கரைந்துபோகும். இதை எங்கள் இருவருக்குள் பேசினோம், பயணிகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஆள் குறையும் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் அதுகூட நினைக்கவில்லை, சோம்பல்.

கோயில்கள்

பகல் பகுதியைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. அதனால் சுருக்கமாகக் கடந்துபோயிருக்கலாம்; மனம் வரவில்லை.

மலாய்க்காரர்கள் இந்தப் பழங்கோயில்களைச் 'சண்டி' என்பார்கள். அருங்காட்சியகத்துக்கு மேலே சுங்கை மெர்போக் கெச்சில் ஓடையோரம் உள்ள சண்டி புக்கிட் பத்து பாஹாட்தான் எல்லாவற்றிலும் பெரிது. 1930களில் தொல்லியல் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் ஆராய்ந்து எட்டாவது களம் என்று எண்ணிட்டார். 1960இல் அலெஸ்டர் லேம்ப் மேற்பார்வையில் கற்களை மீண்டும் அடுக்கி நிறுத்தினார்கள். கருவறை மேடையும் அதற்கு முன்னால் மண்டபத் தளமும் உண்டு. மண்டபத்தில் வரிசையாகக் குழிவிட்ட கற்கள். மரத்தூண் நின்ற இடங்கள் அவை. தூணும் கூரையும் என்றோ மக்கிப்போயின, கல் மட்டும் நிற்கிறது. தஞ்சாவூரை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதல் பார்வையில் ஏமாந்துபோவார்கள். அவர்களை அந்தக் குழிகளுக்குப் பக்கத்தில் குந்தவைத்து, மழை கொட்டும் ஊரில் கருங்கல் மேடைமேல் மரக்கூரை வேய்ந்த கொத்தனும் தச்சனும் என்ன யோசித்திருப்பார்கள் என்று கேட்பேன். அதன் பிறகு எழுந்திருக்க மனம் வராது.

பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் போன்ற இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வளாகத்தில் நிறுவிய சண்டிகளையும் பார்த்தோம். பதினோராம் எண் சண்டியைக் காட்ட முடியாது. 2013இல் நிலத்தைச் சீர்படுத்தும் வேலையில் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள்; விஷயம் வெளியே வந்தபோது கல்கூட மிஞ்சவில்லை. அந்தக் கதையைச் சொல்லும்போது எப்போதும் ஒருவராவது "நம்ம ஆளுங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?" என்று கேட்பார். அன்றும் கேட்டார்கள்.

பிறகு இராசேந்திரன். 1025ஐ ஒட்டி நடந்த படையெடுப்பைப் பற்றி, "தொடுகடற் காவற் கடுமுரட் கடாரம்" என்று மெய்க்கீர்த்தியில் வரும் தொடரை வாய்விட்டுச் சொன்னால் பஸ்ஸே நிமிர்ந்து உட்கார்கிறது. அதற்குச் சமமாக இன்னொன்றையும் சொல்லிவிடுவது என் வழக்கம்: அவன் தந்தை இராசராசன் காலத்தில் இதே கடாரத்து அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே சோழன் எழுதிக்கொடுத்தான். கொடுக்கல் வாங்கல் முதலில், சண்டை அப்புறம். இதற்கும் ஐந்நூறு ஆண்டு முன்பே புத்தகுப்தன் என்ற மாலுமி கடற்பயணம் நன்றாக முடிய வேண்டிப் பல்லவ எழுத்தில் ஒரு கல் பொறித்திருக்கிறான். அதை ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் லோ 1834இல் நம்முடைய செபராங் பிறையில்தான் கண்டெடுத்தார். கல் இப்போது கல்கத்தாவில்.

மண்டபத் தளத்தில் நிற்கும்போது ஒருவர் கேட்டார்: "அப்ப இந்தக் கோயிலுக்கும் கிரகணத்துக்கும் என்னதான் சம்பந்தம்?" விளம்பரத்திலிருந்து அந்த வரியை எடுக்கச் சொன்னேனே தவிர, அதன் இடத்தில் என்ன வைப்பது என்று நான் யோசித்திருக்கவில்லை. அங்கே நின்றபடி சொன்னது இது: கட்டடத்துக்குச் சம்பந்தம் இல்லை, காலக்கணக்குக்கு உண்டு. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் கிரகண நாளன்று நிலமும் விளக்கும் ஆடும் தானம் கொடுத்த செய்தி நிறைய வருகிறது. அரசனின் ஆட்சியாண்டை மட்டும் சொல்லும் கல்வெட்டு எந்த வருடத்தது என்று தெரியாமல் தவிக்கும்போது, கிரகணக் குறிப்பு ஒன்று இருந்தால் வானியல் கணக்கைப் பின்னோக்கி ஓட்டி நாளையே பிடித்துவிடலாம். எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை போன்றவர்கள் அந்த வேலையில் ஆயுளைக் கழித்தார்கள். கிரகணம் அரசனுக்கும் அடங்காத சாட்சி. கேட்டவர் தலையாட்டினார். விளம்பரத்தில் இதைப் போட்டிருக்கலாம்.

கீழே இறங்கும்போது ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் என் தோளைத் தட்டினார். "தம்பி, இன்னிக்கு இது கிரஸ்தோதயம்தானே? அப்புறம் ஏன் அஞ்சு அம்பதுன்னு போட்டீங்க?"

எனக்கு அந்தச் சொல் தெரியாது. பிடிபட்ட நிலையிலேயே உதிப்பது கிரஸ்தோதயம். பிடிபட்டபடியே மறைவது கிரஸ்தாஸ்தமனம். பஞ்சாங்கக்காரர்கள் வழிவழியாக எழுதிவரும் சொற்களாம். சார் வீட்டில் பஞ்சாங்கம் பார்த்திருக்கிறார், தமிழ்நாட்டுக்கு அப்படித்தான் போட்டிருந்தது, அங்கேயே நிலா கடிபட்டபடி எழுந்தால் இங்கே எப்படியிருக்கும் என்று மனக்கணக்குப் போட்டிருக்கிறார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?" என்றேன். "நீங்க கேக்கலையே" என்றார். ஒற்றைச் சொல்லில் இருந்த எச்சரிக்கை எங்கள் பஸ்ஸிலேயே, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வந்திருக்கிறது.

மூன்று நாள்காட்டிகள்

அன்று மாசிப் பௌர்ணமி. ரமலான் பதின்மூன்றாம் நாள். சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சாப் கோ மேயும் அன்றே. நாங்கள் எதேச்சையாக அகப்பட்டுக்கொண்டோம் என்று ஏற்பாட்டாளர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சந்திர கிரகணம் பௌர்ணமியில் மட்டும்தான் வரும். இந்த நாட்டில் மூன்று சமூகத்தாருக்கும் நிலாவை வைத்து எண்ணும் நாள்காட்டி உண்டு. எந்தக் கிரகணத்தை எடுத்தாலும் யாருக்காவது ஏதாவது விசேஷமாகத்தான் இருக்கும்.

ஐந்து மணிக்கு மெர்போக்கிலிருந்து கிளம்பினோம். ரமலான் சந்தைக் கூட்டத்தில் சாலை ஊர்ந்தது. ஐந்தே முக்காலுக்குத் தஞ்சோங் டாவாய். வெயில் தணியவில்லை. சரியாக 5.50க்குப் பதின்ம வயதுப் பையன் ஒருவன் கைத்தொலைபேசியைப் பார்த்து "ஸ்டார்ட் ஆயிருச்சு!" என்றான். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் சூரியன் இருந்தது.

அப்போதுதான் விளக்கினேன். சாப் கோ மேக்காக யாரோ வைத்திருந்த மாண்டரின் ஆரஞ்சை நிலாவாகவும், ஆசிரியர் சாரின் தலையைப் பூமியாகவும், டார்ச் விளக்கைச் சூரியனாகவும் வைத்து நான் காட்டியது எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஆனால் சிரித்தவர்கள் மனதில் ஒரு கணக்கு ஓடியிருக்கும்: இதை இவன் ஏன் காசு வாங்குமுன் சொல்லவில்லை?

சாப்பாடு இன்னொரு குழப்பம். ஏழு மணிக்கென்று புளிச்சாதமும் தயிர்சாதமும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தோம். கிரகண நேரத்தில் சாப்பிடாதவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பதினொரு பேர் தொடவில்லை. ஓர் அம்மா கைப்பையிலிருந்து தர்ப்பை எடுத்து மிச்சப் பொட்டலங்களின்மேல் போட்டார். இரண்டு பேர் விவாதத்தில் இறங்கினார்கள். கண்ணுக்கே தெரியாத கிரகணத்துக்கு எதற்குப் பட்டினி, உதித்த பிறகுதானே கணக்கு என்றார் ஒருவர். பிடித்த நேரம் பிடித்ததுதான் என்றார் மற்றவர். சாரிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அவர் புளிச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிறைமாத மருமகள் ஒருவர் பஸ்ஸுக்குள் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார், மாமியார் துணைக்கு. நம்பிக்கையைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதைச் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை. ஆனால் பதிவு செய்யும்போதே கேட்டிருந்தால் அவர்கள் இருவரும் பகல் பகுதிக்கு மட்டும் வந்து, காரில் திரும்பியிருப்பார்கள்.

பன்னிரண்டு நிமிடம்

காரில் வந்த குடும்பத்துக்கு அன்று காலை தமிழ்நாட்டிலிருந்து உறவினர் ஒருவர் செய்தி தள்ளிவிட்டிருக்கிறார்: கிரகணம் பிற்பகல் 3.20 முதல் மாலை 6.47 வரை. அது இந்திய நேரம். இரண்டரை மணி கூட்டினால் நம் 5.50, 9.17 வந்துவிடும். அவர்கள் கூட்டவில்லை. எங்கள் விளம்பரம் 5.50 என்றது, உறவினர் 6.47க்கு முடிந்துவிடும் என்றார். ஆறே முக்கால் வரை ஒன்றும் தெரியாதபோது அவர்களைப் பொறுத்தவரை கதை முடிந்துவிட்டது. அதற்கு மேலும் முக்கால் மணிக்கு மேல் காத்திருந்தது அவர்கள் பெருந்தன்மை.

7.30. மேற்கே நீரிணைக்குள் சூரியன் பெரிய சிவப்புத் தட்டாக இறங்கியது. கிழக்கே வெளிர்நீலமும் புகைமூட்டமும்தான். பாங்கு ஒலித்தது. ஓட்டுநர் பக்சிக் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து, தனக்கு முன்னால் எங்கள் எல்லாருக்கும் நீட்டினார். அந்த இரண்டு மூன்று நிமிடம் நான் அவருடன் நின்றேன். அதற்குள் கார் கிளம்பும் சத்தம். நேரம் 7.40.

7.52க்கு மீனவர் ஒருவர், ஒரு கையில் தேநீர்க் குவளையோடு, மறுகையைத் தூக்கிக் காட்டினார்: "து, பூலான்." அதோ, நிலா. காட்டிய பிறகும் எங்களில் பாதிப்பேருக்குத் தெரியவில்லை. கையை நீட்டிப் பிடித்தால் சதுப்புக்காட்டுக்கு மூன்று விரல் உயரத்தில், பழைய செப்புக்காசு மாதிரி, ஒளியே இல்லாத ஒரு வட்டம். ஒரு முறை கண்ணுக்கு அகப்பட்ட பிறகு அதை விட முடியவில்லை. வானம் இருட்ட இருட்ட அது தணலாகிக்கொண்டே வந்தது. எங்களுக்குக் கிடைத்த செந்நிலா பதினொரே நிமிடம். 8.03க்குக் கீழ் விளிம்பில் வெள்ளிக்கம்பி போல ஓர் ஒளி. நம் ஊர் நிலா கிழக்கே செங்குத்தாக ஏறுவதால் நிழல் விலகுவதும் கீழிருந்துதான். பாத்திரத்தில் பால் ஊற்றுவதுபோல அடியிலிருந்து நிறைந்துகொண்டே வந்தது. யாரும் பேசவில்லை. ஒரு பெரியவர் மட்டும் தேவாரத்தில் ஒரு பாட்டை மெல்ல முனகினார்.

8.05க்கு அந்தக் குடும்பத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மெர்போக்கைத் தாண்டி மரங்களுக்கிடையே போய்க்கொண்டிருந்தார்கள். "ஓரமா நிறுத்திக் கிழக்கே பாருங்க" என்றேன். "எந்தப் பக்கம்ங்க கெழக்கு?" என்றார் அவர், கோபத்தில்தான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

9.17 வரை இருந்தோம். அதன் பிறகு தர்ப்பை எடுக்கப்பட்டது, தயிர்சாதம் புளித்திருந்தது. ஒன்பதரைக்குக் கிளம்பிப் பட்டர்வொர்த் சேர்ந்தது பத்தே முக்கால். தீவுக்காரர்களுக்கு மேலும் தாமதம். சாப் கோ மேக் கூட்டம் அங்கே இன்னும் கலையவில்லை.

கணக்கு

நால்வருக்கும் பாதிப் பணம் தரலாம் என்றார் ஏற்பாட்டாளர். கோயில்களைப் பார்த்துவிட்டார்களே என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் போனதற்குக் காரணம் பொறுமையின்மை என்று எழுதினால் அது பொய். நாங்கள் கொடுத்த நேரத்தை நம்பி, அதற்கு மேலும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார்கள். 7.50 வரை ஒன்றும் தெரியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் 7.40க்குக் கிளம்பியிருக்க மாட்டார்கள். முழுதாக 440 ரிங்கிட் திருப்பிக் கொடுத்தோம். அதில் நூறு என் கூலியிலிருந்து. அந்தக் கட்டைவிரல் படத்துக்கான விலை என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் அவரிடம் வற்புறுத்தினேன். பிழையான விளம்பரத்தைத் திருத்தினால் போதாது, பழையதை நீக்கிவிட வேண்டும். மார்ச் 3 அன்று காலைவரை எங்கள் பழைய படம், கோயில் முன் செந்நிலாவோடு, குழுவில் அப்படியே இருந்தது. புதியவர்கள் மேலே உருட்டி அதைத்தான் பார்த்தார்கள். கூடவே, இனிப் பதிவுத்தாளில் இரண்டு கேள்வி சேர்கிறது: கிரகண நேரத்தில் சாப்பிடுவீர்களா, வெளியே நிற்பீர்களா.

அடுத்து இங்கே நன்றாகத் தெரியக்கூடிய முழுக் கிரகணம் 2028 டிசம்பர் 31 நள்ளிரவு. புத்தாண்டு பிறந்து பதினாறாம் நிமிடம் நிலா முழுசாக மூடும், 1.28க்கு விடும். அப்போது அது ஏறக்குறைய உச்சியில் இருக்கும், ஏற்பாட்டாளர் ஆசைப்பட்ட மாதிரி அண்ணாந்தால் போதும். மெர்போக் வேண்டாம், பக்கத்திலேயே புக்கிட் மெர்தாஜத்தில் புனித அன்னாள் ஆலய வளாகத்தில் இருக்கிற செரோக் தோக்கூன் கல்வெட்டை மாலையில் காட்டிவிட்டு, ஆலயத்தாரிடம் முறையாக அனுமதி கேட்டுப் பார்ப்போம் என்றேன். ஜேம்ஸ் லோ பார்த்தெழுதிய கல் அது, எழுத்துகள் தேய்ந்துவிட்டன, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால்தான் கோடுகள் தெரியும்.

போன வாரம் விளம்பரத்தின் முதல் வரைவை அனுப்பியிருந்தார். நிலா உதயம், திசை, உயரம், இந்திய நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். மனம் குளிர்ந்து கீழே உருட்டினேன். கடைசி வரி: "கிரகணத்துக்காகவே செதுக்கப்பட்ட கல்."